வர்ணம் வேறு, பம்பு ஒன்று: டிராக்டர் வாங்குவோர் அறிய வேண்டிய உதிரி பாகக் கணக்கு

டிராக்டர் வாங்குவதென்று முடிவு செய்த விவசாயி முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி வண்டி நல்லது?" என்பதுதான். டீக்கடையில் கேட்டால் நான்கு பேர் நான்கு வர்ணத்தைச் சொல்வார்கள். சிவப்பு வண்டி வைத்திருப்பவர் சிவப்பை விட்டுக் கொடுக்க மாட்டார். நீல வண்டிக்காரர் நீலத்தை விட்டுக் கொடுக்க மாட்டார். அவரவர் வண்டி அவரவருக்கு உழைத்திருக்கிறது. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்பாகக் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி உண்டு. வண்டி வயலில் நின்றுவிட்டால் அதை மீண்டும் ஓட வைக்கும் பாகம் எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் கிடைக்கும் என்பதே அது.

காவிரி டெல்டாவில் மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கப்படும் ஆண்டுகளில், குறுவைக்கான சேற்றுழவு எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடக்கும். குறுகிய காலப் பயிரான குறுவையின் நாற்றை 20 முதல் 25 நாளுக்குள் பறித்து நட்டாக வேண்டும். நாற்று முற்றிவிட்டால் தூர் கட்டுவது குறைந்து, மகசூலும் குறையும். அந்த நாட்களில் ஒரு சிறிய ஆயில் சீல் கிடைக்காமல் வண்டி ஒரு வாரம் நின்றால், பக்கத்து வண்டியை வாடகைக்குக் கூப்பிடவும் முடியாது. அது வேறு வயலில் ஓடிக் கொண்டிருக்கும். கடனுக்கு வாங்கிய வண்டியின் தவணையோ நிற்காது. ஆகவே சிறு விவசாயியைப் பொறுத்தவரை, டிராக்டரின் தரத்தில் பாதி அதன் உதிரி பாகம் கிடைக்கும் தூரத்தில் இருக்கிறது.

வர்ணத்துக்கு அடியில் என்ன?

எந்த டிராக்டரின் பானெட்டையும் தூக்கிப் பார்க்கலாம். டீசல் பம்பின் மேலுள்ள தகட்டில் போஷ் என்றோ டெல்பி டிவிஎஸ் என்றோ எழுதியிருக்கக் காணலாம். ஸ்டார்ட்டர் மோட்டாரிலும் ஆல்டர்னேட்டரிலும் பல வண்டிகளில் லூகாஸ் டிவிஎஸ் என்றிருக்கும். பேரிங்கில் எஸ்.கே.எப். அல்லது என்.பி.சி.; டயரில் எம்.ஆர்.எப்., அப்பல்லோ அல்லது வேறு ஏதேனும் டயர் கம்பெனியின் பெயர். பக்கத்து ஷோரூமில் நிற்கும் வேறு வர்ண வண்டியின் பானெட்டைத் தூக்கினாலும் அநேகமாக இதே பெயர்கள்தாம் கண்ணில் படும்.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. டிராக்டர் கம்பெனி என்பது வண்டியை வடிவமைத்து, முக்கியமான சில பாகங்களைத் தானே செய்து, மற்றவற்றை வெளியில் வாங்கிப் பூட்டி, முழு வண்டிக்கும் பொறுப்பேற்று விற்கும் நிறுவனம் ஆகும். டீசல் பம்பை எடுத்துக் கொள்வோம். அதனுள் ஓடும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்குதான். அவ்வளவு நுட்பமாகக் கடைவதற்குத் தனித் தொழிற்சாலையே வேண்டும். பெங்களூரில் 1951-ல் தொடங்கிய மைகோ என்ற நிறுவனம்தான் 2008 முதல் போஷ் லிமிடெட் என்ற பெயரில் இயங்குகிறது. பட்டறைகளில் இன்றும் 'மைகோ பம்பு' என்றே சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டு விவசாயிக்கு இதில் ஒரு தனி அனுகூலமும் உண்டு. லூகாஸ் டிவிஎஸ் சென்னை பாடியில் இருக்கிறது. மாஸி பெர்குசன் டிராக்டர்களில் வரும் சிம்சன் இஞ்சினும், இந்தியா பிஸ்டன்ஸ் பிஸ்டன்களும் சென்னை செம்பியத்தைச் சேர்ந்தவை. இஞ்சினுக்குள் கிராங்க் ஷாப்டைத் தாங்கும் மெட்டல் பேரிங்குகளைச் செய்யும் பைமெட்டல் பேரிங்ஸ் கோவையைச் சேர்ந்தது. சிம்சன் இஞ்சின் டிராக்டரில் மட்டுமின்றி ஜெனரேட்டர்களிலும் ஓடுவதால், அதைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் சிறு ஊர்களிலும் கிடைக்கிறார். அதுபோலவே ஸ்வராஜ் டிராக்டரின் இஞ்சின் கிர்லோஸ்கர் தொழில்நுட்பத்தைக் கொண்டு உருவானது. பம்புசெட்டில் கிர்லோஸ்கரைப் பார்த்து வளர்ந்த விவசாயிக்கு அந்தப் பெயர் புதிதல்ல.

டிராக்டரின் பாகங்களை மூன்று கூறாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. எல்லாக் கம்பெனிகளும் வெளியில் வாங்கும் பாகங்கள் முதற் கூறு. எந்தக் கம்பெனியாயினும் ஒரே அளவில் இருக்க வேண்டுமென்று தர நிர்ணயம் செய்யப்பட்டவை இரண்டாவது. அந்தக் கம்பெனியின் வண்டிக்கு மட்டுமே பொருந்துபவை மூன்றாவது. விவசாயியை அலைக்கழிப்பது மூன்றாவது கூறுதான். ஆனால் வாங்கும்போது பெரும்பாலோர் விசாரிப்பது, எங்கும் கிடைக்கக்கூடிய முதற் கூறைப் பற்றி!

தாய் ஒன்று, பிள்ளைகள் வேறு

உதிரி பாகம் பொதுவாக இருப்பது ஒன்று. கம்பெனிகளுக்கு உரிமையாளர் ஒருவராக இருப்பது வேறொன்று. இவ்விரண்டையும் குழப்பிக் கொள்ளலாகாது. 1959-ல் பரீதாபாத்தில் டிராக்டர் தயாரிக்கத் தொடங்கிய ஐஷர், 2005-ல் சென்னை டாபே நிறுவனத்தின் கைக்கு வந்தது. மாஸி பெர்குசனும் டாபேயின் தயாரிப்பே. பஞ்சாப் டிராக்டர்ஸ் என்ற ஸ்வராஜ் நிறுவனத்தை 2007-ல் மகிந்திரா வாங்கிற்று. பார்ம்டிராக், பவர்டிராக் வண்டிகளைச் செய்யும் எஸ்கார்ட்ஸ் 2022-ல் எஸ்கார்ட்ஸ் குபோட்டா ஆயிற்று.

இதைக் கேட்டுவிட்டு, "இரண்டும் ஒரே கம்பெனிதானே, கியர் மாறிப் பொருந்தும்" என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. ஐஷரின் பெயர் பெற்ற இஞ்சின் காற்றால் குளிர்வது. அதற்கு ரேடியேட்டரே கிடையாது. மாஸியின் சிம்சன் இஞ்சினோ தண்ணீரால் குளிர்வது. உரிமை ஒன்றானதால் பிஸ்டன் ஒன்றாகிவிடவில்லை. மகிந்திரா, ஸ்வராஜ் கியர் பாக்ஸ்களும் அவ்வாறே.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. எஸ்கார்ட்ஸ் பல ஆண்டுகள் தயாரித்த போர்டு 3600 வண்டியின் வம்சம், போர்டு என்ற பெயர் போன பின்னும் பார்ம்டிராக் என்ற பெயரில் தொடர்ந்தது. பெயர் மாறியது, உள்ளே பல பாகங்கள் மாறவில்லை. எனவே பெயரையும் வர்ணத்தையும் வைத்துப் பொருத்தம் பார்க்கக் கூடாது. பாகத்தின் எண்ணை வைத்தே பார்க்க வேண்டும்.

எண்ணைப் படிக்கத் தெரிந்தால்

உதிரி பாகக் கடைக்காரர் முதலில் கேட்பது, "பழசைக் கொண்டாந்தீங்களாண்ணே?" என்பதைத்தான். பழைய பாகத்தில் எண் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். விவசாயிக்கும் அது தெரிந்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

பேரிங்கிலிருந்து தொடங்கலாம். பழைய பேரிங்கைச் சிறிது டீசலில் கழுவித் துடைத்தால் அதன் பக்கவாட்டில் எண் தெரியும். 6206 என்று பொறித்திருப்பதாகக் கொள்வோம். கடைசி இரண்டு எண்ணான 06-ஐ 5-ஆல் பெருக்கினால் 30 வருகிறது. அந்தப் பேரிங் 30 மில்லிமீட்டர் தடியுள்ள ஷாப்டில் ஏறும் என்று பொருள். 6306 என்றாலும் துளை அதே 30 மில்லிமீட்டர்தான். ஆனால் 6206-ன் வெளிவட்டம் 62 மில்லிமீட்டர், கனம் 16. 6306-ன் வெளிவட்டம் 72, கனம் 19. ஷாப்டில் ஏறிவிட்டதே என்று வாங்கிவந்தால், அது உட்காரும் குழியில் இறங்காது. 04 முதல் இந்தக் கணக்கு சரியாக வரும். அதற்குக் கீழே 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17 மில்லிமீட்டர்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் விட்டுவிடக் கூடாது. 2ஆர்.எஸ். என்பது இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளது, இசட்.இசட். என்பது தகர மூடி உள்ளது. சேறும் தண்ணீரும் படும் இடத்தில் ரப்பர் மூடி உள்ளதைக் கழற்றிவிட்டு தகர மூடி உள்ளதைப் போட்டால் ஒரு போகம் கூடத் தாங்குவது சந்தேகம். சி3 என்றிருந்தால் உருளைகளுக்கு உள்ளிடைவெளி சற்று அதிகம் என்று பொருள். சூடேறும் இடத்துக்கென்று கம்பெனி தெரிந்தே போட்டது அது. முன் சக்கரத்தில் வரும் கூம்பு உருளைப் பேரிங்குகளுக்கு எண் முறை வேறு. அங்குல அளவில் வருபவற்றுக்கு 5-ஆல் பெருக்கும் கணக்கு செல்லாது. அங்கே எண்ணை அப்படியே எழுதிக் கொண்டு போவதே வழி. கூம்பு வடிவ உள்வளையத்தையும் வெளியிலுள்ள கப்பையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். தேய்ந்த பழைய கப்பில் புது உருளையைப் போட்டு மிச்சம் பிடிக்க நினைத்தால் சீக்கிரமே இரண்டும் போய்விடும்.

ஆயில் சீலில் மூன்று எண்கள் வரும். 35 - 52 - 7 என்றிருந்தால் ஷாப்டின் தடி 35, வெளிவட்டம் 52, கனம் 7 மில்லிமீட்டர். இவ்வளவு தெரிந்தால் எந்த வண்டிக்கு என்று சொல்லாமலே நகரத்துப் பேரிங் கடையில் அதே அளவைக் கேட்டு வாங்கலாம். ஆனால் பின் அச்சிலும் முன் சக்கரக் குடத்திலும் சேறு புகாமல் தடுக்க, சில வண்டிகளில் பல உதடுகள் கொண்ட விசேஷ சீல் வைத்திருப்பார்கள். சேற்றுழவுக்குப் போகும் வண்டிக்கு அதே வகைதான் வேண்டும். அளவு சரியாக இருக்கிறதென்று ஒற்றை உதட்டு சீலைப் போட்டால் தண்ணீர் உள்ளே போய், ஆயில் பால்போல வெளுத்துவிடும். அப்படி வெளுத்த ஆயிலோடு ஓட்டிய அச்சில், சீல் செலவு பேரிங் செலவாகவும் பேரிங் செலவு கியர் செலவாகவும் வளரும்.

டயரில் 13.6 - 28 என்றால் டயரின் அகலம் 13.6 அங்குலம், அது ஏறும் ரிம்மின் விட்டம் 28 அங்குலம். இந்த அளவு பல கம்பெனி வண்டிகளுக்குப் பொது. முன் டயர் 6.00 - 16 என்பதும் அப்படியே. கிளட்ச் பிளேட்டுக்கு விட்டத்தோடு நடுவிலுள்ள பற்களின் எண்ணிக்கையையும் எண்ணிக் கொண்டு போக வேண்டும்.

தர நிர்ணயம் செய்யப்பட்ட இரண்டாவது கூறைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் சுழலும் பி.டி.ஓ. ஷாப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று, ஆறு பற்கள். கலப்பை மாட்டும் மூன்று முனை இணைப்பில் முதல் வகைக்குக் கீழ்க் கொக்கியின் முளை 22 மில்லிமீட்டர், இரண்டாம் வகைக்கு 28. இது ஒரே அளவாக இருப்பதால்தான் ஒருவருடைய ரோட்டவேட்டரை இன்னொருவருடைய வண்டியில் மாட்ட முடிகிறது. ஏற்கனவே கலப்பை வைத்திருப்பவர் அந்த முளையை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வண்டி பார்க்கப் போவது நல்லது.

கம்பெனி ஒன்றானாலும் அளவு ஒன்றல்ல

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இரண்டு வண்டியிலும் போஷ் பம்பு இருக்கிறதென்றால், ஒன்றைக் கழற்றி மற்றதில் மாட்டலாம் என்று பொருளல்ல. பம்பைச் செய்பவர் ஒவ்வொரு இஞ்சினுக்கும் தகுந்தபடி பிளஞ்சரின் தடிப்பு, ஒரு அடிக்குத் தள்ளும் டீசலின் அளவு, கவர்னரின் அமைப்பு ஆகியவற்றை மாற்றித் தருகிறார். பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும், குணம் வேறு. நாசிலும் அவ்வாறே. துளைகளின் எண்ணிக்கையும் கோணமும் மாறினால் டீசல் தூவ வேண்டிய இடத்தில் தூவாது. கரும்புகை வரும், எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து இஞ்சின் ஆயிலில் கலக்கும், முடிவில் பிஸ்டன் கருகும். ஆகவே பம்பின் தகட்டிலுள்ள முழு எண்ணும் நாசிலின் மேல் பொறித்த முழு எண்ணும் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தாலொழிய மாற்றக் கூடாது.

ஆயில் பில்டரும் இப்படித்தான். மரை பொருந்திவிடும், ரப்பர் வளையம் உட்கார்ந்துவிடும். ஆனால் உள்ளேயிருக்கும் வால்வு திறக்கும் அழுத்தம் வேறாக இருந்தால், வடிகட்டாத ஆயில் இஞ்சினுக்குள் போவது வெளியே தெரியாது.

ஒரே மாடலிலேயே, ஓராண்டில் வந்த வண்டிக்கு ஒரு கம்பெனி பம்பும் அடுத்த ஆண்டு வண்டிக்கு வேறு கம்பெனி பம்பும் வருவதுண்டு. எனவே கடையில் மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் சேஸிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் சொல்ல வேண்டும்.

பேரிங், சீல், பல்பு, பெல்ட் போன்றவற்றை டிராக்டர் கம்பெனியின் பெட்டியில் வாங்காமல், அதைச் செய்த கம்பெனியின் பெட்டியிலேயே வாங்கினால் விலை குறைவதுண்டு. ஆனால் போலிகள் அதிகம் நடமாடுவதும் இந்தச் சந்தையில்தான். பெயரில் ஓர் எழுத்து மாறியிருத்தல், அச்சு மங்கியிருத்தல், பேரிங்கில் எண் ஆழமாகப் பொறிக்கப்படாமல் மேலோட்டமாக இருத்தல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். எஸ்.கே.எப். போன்ற சில கம்பெனிகள் செல்போனில் படம் எடுத்து அனுப்பி அசலா போலியா என்று சரிபார்க்கும் செயலியும் வைத்திருக்கின்றன. பில் போட்டு வாங்குவது முக்கியம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயர், டியூப், ஹைட்ராலிக் பம்பு முதலியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரிக்குப் பயந்து பில் இல்லாமல் வாங்கி, பாகம் கெட்டால் கேட்க வழியில்லாமல் நிற்பதில் இப்போது மிச்சமும் அதிகமில்லை.

கம்பெனிக்கே உரியவை

கியர் பாக்ஸ் கியர்கள், கிரவுன் பினியன், பின் அச்சின் கூடு, ஹைட்ராலிக் லிப்ட்டின் உட்பாகங்கள், கிராங்க் ஷாப்ட், முன் அச்சின் தாங்கிகள் ஆகியவை மூன்றாவது கூறு. இவை அடிக்கடி கெடுவதில்லை. ஆனால் கெட்டால் அந்தக் கம்பெனி டீலரைத் தவிர வேறு கதி பெரும்பாலும் இல்லை.

ஹைட்ராலிக்கை உதாரணமாகப் பார்க்கலாம். மாஸி பெர்குசன் 1035 போன்ற வண்டிகளில் ஹைட்ராலிக் பம்பு பின்புறக் கூட்டின் உள்ளே ஆயிலில் மூழ்கிக் கிடக்கிறது. வேறு பல வண்டிகளில் அது கியர் வகைப் பம்பாக இஞ்சின் பக்கத்தில் வெளியே தெரியும்படி இருக்கிறது. வெளியே இருப்பதைக் கழற்றி மாற்றுவது எளிது. உள்ளே இருப்பதற்கு ஆயிலை வடித்துக் கூட்டைத் திறக்க வேண்டும். அதற்கு அந்த வண்டியில் பழகிய கை வேண்டும். இதனால் ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று கருத வேண்டியதில்லை. மாஸி அதிகமாக ஓடும் வட்டாரத்தில் அதைப் பழகிய மெக்கானிக்கும் அதிகம் இருப்பார். அவர் இல்லாத ஊரில்தான் சங்கடம்.

எச்.எம்.டி. வண்டி வைத்திருந்தவர்கள் இந்தப் பாடத்தைச் செலவழித்துப் படித்தார்கள். செக்கோஸ்லோவாகியாவின் ஜீட்டர் வடிவமைப்பைக் கொண்டு 1971-ல் பிஞ்சூரில் தொடங்கிய அந்தப் பொதுத்துறை டிராக்டர் பிரிவை மூடுவதற்கு 2016-ல் மத்திய அமைச்சரவை அனுமதி அளித்தது. உழைப்புக்குப் பெயர் போன வண்டி. கம்பெனி மூடிய பிறகும் அவற்றுக்குப் பேரிங்கும் சீலும் டயரும் நாசிலும் கிடைத்தே வந்தன. ஏனெனில் அவை எச்.எம்.டி. செய்தவை அல்ல. கியரும் கூடும் வேண்டியவர்தாம் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடைகளைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. எந்தப் புதுக் கம்பெனியின் விலை குறைந்த வண்டியைப் பார்த்தாலும், நாளை இந்தக் கம்பெனி இந்த மாவட்டத்தை விட்டுப் போனால் இதில் எத்தனை பாகம் வெளியே கிடைக்கும் என்று எண்ணிப் பார்ப்பது பயனுடையது.

டீலர் கடையில் ஒரு காலை

வண்டி பார்க்கப் போகிறவர் ஷோரூமில் நுழைவதற்கு முன் அதே டீலரின் உதிரி பாகக் கவுண்டருக்குப் போக வேண்டும். வாங்க வந்தவர் என்று காட்டிக் கொள்ளாமல் போனால் இன்னும் நல்லது. வாங்க நினைக்கும் மாடலுக்குக் கிளட்ச் பிளேட், ஹைட்ராலிக் பம்பின் ரிப்பேர் கிட், பி.டி.ஓ. ஷாப்ட், கியர் மாற்றும் போர்க், பின் அச்சு சீல், முன் அச்சின் நடு முளை என்று ஆறு பாகங்களைக் கேட்கலாம். எவை கையிருப்பில் உள்ளன, இல்லாதவை எத்தனை நாளில் வரும், விலை என்ன என்று குறித்துக் கொள்ள வேண்டும். இரண்டு மூன்று கம்பெனி டீலர்களிடம் இதே ஆறு பாகங்களைக் கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து ஒப்பிட்டால், விற்பனைப் பிரதிநிதி ஒரு மணி நேரம் பேசினாலும் தெரியாத செய்தி தெரிந்துவிடும்.

அடுத்து, அந்த மாடலை நான்கைந்து ஆண்டு ஓட்டியவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். புதிதாக வாங்கியவரிடம் கேட்பதில் பயன் குறைவு. அவர் வண்டி இன்னும் கெடவில்லை. "நல்ல வண்டியா?" என்று கேட்காமல், "கடைசியாக எதற்காக நின்றது? எத்தனை நாள் நின்றது? யார் வந்து பார்த்தார்?" என்று கேட்டால் நேரான பதில் வரும். சேற்றுழவு நடக்கும் மாதத்தில் டீலரின் மெக்கானிக் ஊருக்கு வந்தாரா, வண்டியை எடுத்து வரச் சொன்னாரா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

குதிரைத்திறனைப் பொறுத்து ஒரு வார்த்தை. பானெட்டில் எழுதியிருப்பது இஞ்சினின் திறன். ரோட்டவேட்டரைச் சுழற்றுவது பி.டி.ஓ.வில் வந்து சேரும் திறன். அது எப்போதும் குறைவாகவே இருக்கும். மத்தியப் பிரதேசத்தில் புத்னியிலுள்ள மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து, பி.டி.ஓ. திறன், டீசல் செலவு, இழுவைத் திறன், லிப்ட் தூக்கும் எடை முதலியவற்றை அறிக்கையாக வெளியிடுகிறது. அந்த அறிக்கையைக் காட்டும்படி டீலரிடம் கேட்பதற்கு விவசாயிக்கு உரிமை உண்டு, தயங்கத் தேவையில்லை. ஐந்தடி ரோட்டவேட்டர் வரைக்கும் 35 முதல் 45 குதிரைத்திறன் வண்டி போதுமானது. அதற்கு மேல் போவதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்திருப்பதால், அவற்றில் மின்னணுக் கட்டுப்பாடுள்ள டீசல் அமைப்பு வருகிறது. டீசல் மிச்சமாகும், ஆனால் கோளாறு கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் கொண்டு வர வேண்டும். ஊர்ப் பட்டறையில் ஸ்பானரோடு முடிகிற வேலை அல்ல அது.

வாங்கத்தான் வேண்டுமா?

இவ்வளவும் பார்த்த பின், கடைசியாக ஒரு கணக்கு. ஐந்து ஏக்கர் நன்செய், இரண்டு போகம் என்று வைத்துக் கொள்வோம். ஏக்கருக்குப் போகம் ஒன்றுக்கு 4 மணி நேர வேலை என்றால் ஆண்டுக்கு 40 மணி. வண்டி விலை 6 லட்சம், பத்து ஆண்டில் மிஞ்சும் மதிப்பு 60 ஆயிரம் என்று கொண்டால் ஆண்டுத் தேய்மானம் 54 ஆயிரம். சராசரி முதலான 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கு 10 சதவீத வட்டி 33 ஆயிரம். ஆக 87 ஆயிரம். இதை 40 மணியால் வகுத்தால் மணிக்கு 2,175 ரூபாய். டீசலும் டிரைவர் கூலியும் உதிரி பாகமும் இன்னும் சேரவில்லை. அதே வண்டி வெளியே வாடகைக்கு 400 மணி ஓடினால் இந்தச் செலவு மணிக்கு 200 ரூபாய்க்கும் கீழே வந்துவிடும். விலையும் வட்டியும் இடத்துக்கு இடம் மாறும். அவரவர் எண்களைப் போட்டுப் பார்த்துக் கொள்ளலாம். வெளி ஓட்டம் நிச்சயமில்லாத சிறு விவசாயி, வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை வண்டியையோ, நான்கு பேர் சேர்ந்து ஒரு வண்டி வாங்குவதையோ யோசிப்பது நலம். வாடகைக்கு ஓட்டியே தவணை கட்டப் போகிறவருக்கோ, வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வரும்படி நிற்கும் நாள். மேலே சொன்ன உதிரி பாக விசாரணை அவருக்குத்தான் மிக அவசியம்.

வண்டி வீட்டுக்கு வரும் நாள்

மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்துச் சக்கரம் ஏற்றிய பிறகு அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. டிராக்டர் கம்பெனி தரும் உத்தரவாதம் பெரும்பாலும் அது தானே செய்த பாகங்களுக்குத்தான். டயர், பேட்டரி, டீசல் பம்பு, ஸ்டார்ட்டர் முதலியவற்றுக்கு அவற்றைச் செய்த கம்பெனிகளே தனித்தனியாகப் பொறுப்பு. உத்தரவாதப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சிறிய எழுத்தில் இது அச்சிடப்பட்டிருக்கும். பேட்டரி ஆறு மாதத்தில் படுத்துவிட்டால் டிராக்டர் டீலரோடு சண்டை போட்டுப் பயனில்லை. பேட்டரிக் கம்பெனியின் கிளைக்குப் போக வேண்டும். அவர்கள் கேட்பது பேட்டரியின் எண்ணையும் வாங்கிய தேதியையும். பம்பு கம்பெனியோ, பம்பின் மேலுள்ள ஈய முத்திரையை ஊர் மெக்கானிக் உடைத்திருந்தால் பொறுப்பேற்காது.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில், சேஸிஸ் எண், இஞ்சின் எண், பம்பின் தகட்டு எண், ஸ்டார்ட்டர் எண், ஆல்டர்னேட்டர் எண், பேட்டரி எண், நான்கு டயர்களின் எண் ஆகியவற்றை டீலரின் ஆள் நிற்கும்போதே பார்த்து எழுதி, அவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பின்னால் ஒவ்வொரு பேரிங்கும் சீலும் மாற்றும்போது அதன் எண்ணை அதே நோட்டில் சேர்த்துக் கொண்டே வரலாம். அந்த நோட்டு வண்டியின் டூல் பாக்ஸில் இருக்கக் கூடாது. ஆயில் பட்டு எழுத்து அழிந்துவிடும். வீட்டில் பட்டா, சிட்டா வைக்கும் பையிலேயே வைத்துக் கொள்ளலாம்.